நூல் வெட்டவில்லை, காரணம் தெரியவில்லை

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஷெட்டைக் கூட்டித் துடைக்கும்போது மேசை இழுப்பறையில் இந்த டைரி கிடைத்தது. நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஜூலை 22 வரை என் வீட்டுக்காரர் கையெழுத்து. ‘மூன்றாம் ஹெட், பாபின் டென்ஷன் சரி செய்தது’ என்பதுதான் கடைசி வரி. 24ஆம் தேதி காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை.

எம்பிராய்டரி மெஷினுக்கு வருகிற கோளாறு, அதன் காரணம், சரி செய்த விதம் எல்லாவற்றையும் இதில் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். பதினான்கு வருஷ டைரிகள் பீரோ மேல் அடுக்கி இருக்கின்றன. இனி நான் எழுதுகிறேன், நாச்சிமுத்துவின் மனைவி வசந்தாமணி. என்றைக்காவது எடுத்துப் பார்ப்பார். என் கையெழுத்தையாவது திட்டுவார்.

மெஷினுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் அவர் வேலை. எங்கெங்கே வைப்பார் என்று நான் கவனித்ததில்லை. ஆயுத பூஜை என்றால் ஆயுதத்துக்குத்தானே. இந்த மெஷினில் ஆயுதம் என்று பார்த்தால் நூல் வெட்டுகிற கத்திதான். ஒரே சமயத்தில் தைக்கிற ஆறு ஹெட்டுக்கும் ஊசித் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஆறு கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் குறை வைக்காமல் பூசினேன். ஆபரேட்டர் ஜெபராணி வேடிக்கை பார்த்துக்கொண்டே பொரியில் பாதியைத் தின்றாள்.

அவருக்குப் பொரி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆடியிலிருந்து அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார். வலது கையும் காலும் பாதிதான் வந்திருக்கின்றன. நடக்கச் சொல்கிறார் டாக்டர், நடப்பதில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பேசுவதும் இல்லை. போன வாரம் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னார். மெஷினை விற்றுவிடலாம் என்று. குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் 28ஆம் தேதி வந்து ஓட்டிப் பார்க்கிறாராம்.

விற்றால் விற்கட்டும். எனக்கு என்ன.

அக்டோபர் 12, சனி

மெஷின் ஆறு ஹெட்டிலும் நூல் வெட்டவில்லை. ஒரு எழுத்து தைத்து முடிந்ததும் அடியிலிருந்து கத்தி வந்து நூலை வெட்டிவிட்டுப் போக வேண்டும், அப்புறம்தான் ஊசி அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும். இன்று வெட்டாமலே தாவுகிறது. பள்ளிக்கூடச் சட்டைப் பையில் பள்ளியின் பெயர் பதினோரு எழுத்து. எழுத்துக்கு எழுத்து நூல் ஓடிக் கொடி கட்டினதுபோல் தொங்குகிறது.

“எக்கா, மெஷினு நல்லாத்தான் ஓடுது. ஆனா அறுக்கவே மாட்டேங்கு” என்றாள் ஜெபா. அவள் சாத்தான்குளத்துப் பெண், பதறவே மாட்டாள். எனக்குத்தான் கை ஓடவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஊசி மாற்றினேன். பாபின் மாற்றினேன். நூல் கண்டு மாற்றினேன். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டேன். திரையில் எதை எதையோ அமுக்கிப் பார்த்துவிட்டு, எதை அமுக்கினேன் என்பதே மறந்துபோய், ஜெபா அதைப் பழையபடி மாற்றுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. பூஜை போட்ட மறுநாளே இப்படி ஆனால் என்ன நினைப்பது? யார் கண் பட்டது என்றுகூட யோசித்தேன்.

ஆத்திரத்தில் தைத்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் போட்டேன். “நீங்களே பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு இடது கையால் எடுத்தார். தொங்கிய நூலை விரலில் சுற்றினார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

“சந்தனம் எங்க வெச்ச?”

“கத்திக்குத்தானுங்க.”

“எந்தக் கத்திக்கு?”

“ஆறுக்குந்தான்.”

என் பக்கம் திரும்பிப் படுத்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்கு பயமாகிவிட்டது, மறுபடி இழுக்கிறதோ என்று. அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. “மூடி மேல ஒரு பொட்டு வெப்பேன், அதோட சரி. உள்ள போய் யாரு புள்ள பூசச் சொன்னா? காஞ்சு சிமெண்டாட்டம் புடிச்சிருக்கும்” என்றார்.

மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

சொல்லிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். “நீ தேய்க்கற தேய்ப்புல கத்தி முனை போயிரும்” என்று எழுந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து பின்னால் ஷெட்டுக்கு நாற்பது காலடி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் வாழை மரத்தடியில் நின்றார். நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

தகட்டைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். ஆறு ஹெட்டும் வெட்டின. காரணம்: கத்தியில் சந்தனம். பூசியது நான். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஜெபா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினாள்.

“இன்னைக்கு நல்லா வெட்டுதுங்க” என்று அவரிடம் போய்ச் சொன்னேன். “சரி” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நல்ல செய்திதானே சொன்னேன். இந்த மெஷினும் போய்விட்டால், அந்தச் சுவரை விட்டு இவர் முகம் திரும்ப வேறு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஜெபா ஒரு மணிக்குச் சாப்பிடப் போனாள். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். அவள் திரும்பி வந்து மெஷினைப் போட்டால் நாலாம் ஹெட்டில் நூல் வெட்டவில்லை.

காரணம் தெரியவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். கத்தியைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, அலன் சாவியை என் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். “அது எப்படிங்க தளரும்?” என்று கேட்டேன். “ஓட்டத்துல அதிர்ந்து தளர்ந்திருக்கும்” என்றார்.

அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 18, வெள்ளி

கோளாறு இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. ரசம் வைத்தேன்.

அக்டோபர் 19, சனி

ஜெபா பாத்ரூம் போயிருந்தபோது இரண்டாம் ஹெட். அதே மாதிரி. காரணம் தெரியவில்லை.

“மெக்கானிக்க வரச் சொல்லட்டாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மெக்கானிக் வந்தால் அரை நாள் போய்விடும், பேச்சு வேறு அதிகம். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

அவர் இன்று வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கண்டுகளைக் கோணலாக வைத்திருக்கிறேன் என்று என்னைத் திட்டினார். காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. போகும்போது கேட்டார்.

“டைரில எழுதினியா?”

“எழுதிட்டேனுங்க.”

“காரணம்?”

“தெரியலீன்னு எழுதியிருக்குதுங்க.”

“ம்” என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

மறுபடி நாலாம் ஹெட். காரணம் தெரியவில்லை. இந்த முறை ஸ்க்ரூ லேசில் அசையவில்லை. இறுக்கும்போதுதான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஜெபா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “எக்கா, ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது” என்றாள். கேட்காதே என்றேன். “சரிக்கா, கேக்கல” என்று போய்விட்டாள். அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். 28ஆம் தேதி வரைக்கும் இப்படியே நாளுக்கொரு கோளாறாக எங்கே போய் நிற்பது? எதையாவது கெடுத்துவிடுவோம் என்று பயம் வந்துவிட்டது. ஏதாவது ‘கெட்டுவிடும்’ என்று எழுத நினைத்தேன். கை தவறிவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று மெஷினை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்வேன்.

பதினொன்றரை மணிக்குத் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரப் போனேன். வந்து பார்த்தால் ஆறாம் ஹெட்டில் கோளாறு. இது வேறு மாதிரி. வெட்டுகிறது, ஆனால் ரொம்ப ஒட்ட வெட்டுகிறது. ஊசியில் நூல் மிச்சம் இல்லாமல் நழுவி, அடுத்த எழுத்து வெறும் ஓட்டையாக விழுகிறது. தகட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூ சரியாக இருக்கிறது. கத்தி சரியாக இருக்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சு?” என்று ஜெபாவிடம் கேட்டேன்.

“நான் ஒண்ணும் பாக்கலக்கா” என்றாள், பாபினைப் பார்த்துக்கொண்டு. நான் என்ன பார்த்தாய் என்றா கேட்டேன்?

இது நிஜமாகவே காரணம் தெரியாத கோளாறு. இதை எப்படி எழுதுவது? முன்பு எழுதிய அதே இரண்டு வார்த்தையைத்தான் இதற்கும் எழுத வேண்டியிருக்கிறது. முன்பு நடந்ததெல்லாம் சேர்ந்துதான் இப்படி முற்றிவிட்டதோ?

அவரைக் கூப்பிடப் போனால், கட்டிலில் சட்டை போட்டுக்கொண்டு, தடியை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். வந்தார். எந்த ஹெட் என்றுகூடக் கேட்கவில்லை, நேராக ஆறாவதுக்குப் போனார். மேலே இருக்கிற, நூலை இறுக்குகிற டென்ஷன் குமிழை இடது கையால் ஒரு சுற்றுத் தளர்த்தினார். சரியாகிவிட்டது. பதினான்கு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பார்.

மெஷின் அப்போது நின்றிருந்தது என்பது இப்போதுதான் நினைவு வருகிறது.

அக்டோபர் 24, வியாழன்

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இரண்டாம் ஹெட், கத்தி ஸ்க்ரூ தளர்வு. நான் இல்லை. அதாவது, நான் கவனிக்கவில்லை.

இறுக்கலாம் என்று போனால் அலன் சாவிக் கட்டில் இரண்டரை நம்பர் சாவி இல்லை. ஷெட் முழுக்கத் தேடினேன். குழப்பத்தில் இருந்தேன், வெயில் வேறு. “நீயும் நானும்தான் இங்க இருக்கறோம். நான் எடுக்கலீன்னா வேற யாரு எடுத்தா?” என்று ஜெபாவைக் கேட்டுவிட்டேன்.

அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். “எக்கா, நாலு வருசமா இங்க இருக்கேன். ஒரு ஊசி என் வீட்டுக்குப் போனதில்ல. சாவிய நான் எடுக்கல. எடுத்தது யாருன்னு என்கிட்ட கேக்காதீய. நீங்க எடுத்தப்பயும் நான் சொல்லல, மத்தவுக எடுத்தப்பயும் சொல்ல மாட்டேன்” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

நான் என்ன எடுத்தேன்? மத்தவர் யார்? அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்றே எழுதி வைக்கிறேன். ஆனால் அவளைக் கேட்டது தப்பு. இன்று முழுவதும் மனசு கூசிக்கொண்டே இருந்தது. டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்றாள்.

சாயங்காலம் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் இரண்டரை நம்பர் சாவி இருந்தது. மறந்து போட்டிருப்பார். இடது கைப் பட்டியில் கிரீஸ் வேறு. மெஷினில் சாய்ந்திருப்பார்.

அக்டோபர் 25, வெள்ளி

கோளாறு இல்லை. ஆனாலும் அவர் பதினோரு மணிக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 26, சனி

பள்ளிக்கூடத் துணி எல்லாம் தைத்து முடிந்தது. திங்கட்கிழமை குமாரபாளையத்துக்காரர் வருகிறார். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். போகிற மெஷின் நல்லபடியாகப் போகட்டும். ஆறு தகட்டையும் கழற்றித் துடைத்தேன். எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினேன். நாலாவது மட்டும் சாவி சரியாகப் பிடிக்காமல் வழுக்கியது, எப்படியோ இறுக்கிவிட்டேன். பழைய துணியில் நூறு தடவை தைத்துப் பார்த்தேன். நூறு தடவையும் வெட்டியது.

நூறாவது தடவை வெட்டினதும் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். ஜெபா வெளியே போய் நின்றுகொண்டாள்.

எனக்கு இதை விற்க இஷ்டம் இல்லை. அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் நான் என்னென்னவோ செய்தேன். இதற்கு மேல் எழுத மாட்டேன். படித்தால் படிக்கட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு எண்ணெயும் மாவும் வாங்கக் கடைக்குப் போனேன். கிளம்பும்போது ஷெட் சாவி கேட்டார். “கடைசியா ஒருக்கா பாத்துக்கறேன்” என்றார். கொடுத்தேன். நான் திரும்பும்போது ஷெட்டைப் பூட்டிவிட்டு வாழை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

பத்து மணிக்குக் குமாரபாளையத்துக்காரர் வந்தார். தெய்வசிகாமணி என்று பெயர், வெள்ளை வேட்டி. தறி ஓட்டுகிறவர், எம்பிராய்டரிக்குப் புதுசு. மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிடித்துவிட்டது. “ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

ஜெபா துணியைப் பூட்டி ஓட்டினாள். முதல் எழுத்து முடிந்தது. வெட்டவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஆறு ஹெட்டிலும் எழுத்துக்கு எழுத்து நூல் ஓடிக் கொடி கட்டியது. சனிக்கிழமை நூறு தடவை வெட்டிய மெஷின். ஓடிப் போய்த் தகட்டைக் கழற்றப் பார்த்தேன். “வசந்தா, உடு” என்றார் அவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே.

“என்னுங்க இது?” என்றார் தெய்வசிகாமணி.

“அது அப்படித்தானுங்க. திடீர் திடீர்னு வெட்டாது. இந்த மாசம் பூரா இதே தொல்லை. எழுதி வெச்சிருக்கறோம், பாருங்க” என்று இவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். இந்த டைரியை எடுத்து அந்த மனுஷனிடம் நீட்டினார்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெய்வசிகாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார். “பதினேழு. நாலாம் ஹெட். காரணம் தெரியவில்லை. பத்தொம்போது. ரெண்டாம் ஹெட். காரணம் தெரியவில்லை. இருவத்தி ஒண்ணு. மறுபடி நாலாம் ஹெட்…” என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஜெபா நூல் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள், தோள் மட்டும் குலுங்கியது தெரிந்தது.

டைரியை அவர் கையில் முழுக்கக் கொடுக்கவில்லை இவர். ஒரு பக்கம் தானே பிடித்திருந்தார். 26ஆம் தேதி, சனிக்கிழமைப் பக்கத்தின் மேல் இடது கைக் கட்டை விரலை அழுத்தி வைத்திருந்தார்.

“காரணமே தெரியாத மெசினக் கொண்டுபோயி நான் என்ன பண்றதுங்க” என்று தெய்வசிகாமணி எழுந்துவிட்டார். “வெளிப்படையாச் சொன்னதுக்கு ரொம்ப சந்தோசமுங்க” என்று வேறு சொன்னார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை. காரணம்

அக்டோபர் 29, செவ்வாய்

இது நாச்சிமுத்து எழுதுவது. இடது கை. எழுத்து இப்படித்தான் வரும்.

வசந்தா நேற்றுக் காரணம் எழுதாமல் விட்டிருக்கிறாள். 28ஆம் தேதிக் கோளாறுக்குக் காரணம், திரையில் தானாக வெட்டுகிற அமைப்பை நிறுத்தி வைத்திருந்தது. ஒரு பொத்தான். ஒரு விரல் போதும். ஞாயிற்றுக்கிழமை நான் நிறுத்தினேன். இன்று காலையில் போட்டுவிட்டேன்.

பாக்கியையும் எழுதிவிடுகிறேன், டைரி சுத்தமாக இருக்க வேண்டும். 17, 19, 21 மூன்றும் வசந்தா. ஓட்டத்தில் அதிர்ந்து அந்த ஸ்க்ரூ தளராது. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் தளர்ந்ததில்லை. முதல் நாளே எனக்குத் தெரியும்.

22ஆம் தேதி காலையிலிருந்து கூப்பிடுவாள் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வரைக்கும் கூப்பிடவில்லை. அவள் வெளியே போனதும் நானே போய் ஆறாம் ஹெட் குமிழை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் தடி இல்லாமல் போனேன். 24ஆம் தேதியும் நான்தான். ஜெபராணியை அதற்காகப் பேசியது தப்பு. அவளிடம் நானும் சொல்லிவிட்டேன்.

நாலாம் ஹெட் ஸ்க்ரூ தலை தேய்ந்து போயிருக்கிறது. அதற்கு இரண்டரை நம்பர் சாவி. வசந்தா அவசரத்தில் இரண்டை வைத்துத் திருகியிருக்கிறாள். புது ஸ்க்ரூ வாங்க வேண்டும்.

இனிமேல் கத்தியில் கை வைக்காதே. என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிடு.

அக்டோபர் 30, புதன்

ஜெபா தீபாவளி லீவில் ஊருக்குப் போய்விட்டாள், நானே ஓட்டினேன். நாலாம் ஹெட்டுக்குப் புது ஸ்க்ரூ போட்டாயிற்று. ஆறு ஹெட்டும் நன்றாக வெட்டுகின்றன. ஒரு கோளாறும் இல்லை.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். என்ன விஷயம் என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். வந்தார்.